மெஷினுக்குத் தெரியாத மணி

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் கழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பட்டையில் நிமிடத்துக்கு நானூறு பிஸ்கட் ஓடும்போது, ஓரம் கருகிய ஒன்றையும் நடுவில் விரிசல் விட்ட ஒன்றையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பொறுக்கி எறிகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பதினான்கு வருடமாக அவளுக்கு ஒரே இடம். அடுப்பைத் தாண்டி பிஸ்கட் ஆறி வரும் பட்டையில் கடைசிப் பத்தடி.

கடையில் கிடைக்கும் சாதாரண பிஸ்கட் இல்லை அது. பல் முளைக்கிற குழந்தைகளுக்கானது. பாலில் போட்டால் கரையும், ஈறில் வைத்தால் கரையும், கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலும் கரையும். அந்தப் பத்தடி முடிகிற இடத்தில் ஒரு வளைவு நிற்கும். அதைத்தான் மெட்டல் மெஷின் என்பார்கள். பிஸ்கட்டெல்லாம் அதற்குள் நுழைந்துதான் பாக்கெட் போடும் இடத்துக்குப் போக வேண்டும். ஊசி முனையளவு இரும்பு இருந்தாலும் மெஷின் அலறிப் பட்டையை நிறுத்திவிடும். மெஷின் ஒழுங்காக அலறுகிறதா என்று பார்ப்பதும் கழுகக்காவின் வேலை. மணிக்கு ஒரு முறை மூன்று குச்சிகளைப் பிஸ்கட்டோடு அனுப்புவாள். ஒன்றில் இரும்புப் பொட்டு, ஒன்றில் பித்தளைப் பொட்டு, ஒன்றில் எஃகுப் பொட்டு. மூன்று முறை அலறினால் பதிவேட்டில் நேரம் எழுதி, மூன்று டிக் அடித்து, கையெழுத்துப் போடுவாள். அவள் ஷிப்டில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பிஸ்கட்டும் வெளியே போனதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வேறு எதில் கர்வப்பட்டுக்கொள்ள அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது?

அங்கே எல்லாமே நீலம். தொப்பி, கையுறை, பேனா, குப்பைப் பை, விரலில் ஒட்டும் பிளாஸ்திரி வரைக்கும் நீலம். நீல நிறத்தில் பிஸ்கட் கிடையாது, அதனால் எது பட்டையில் விழுந்தாலும் கண்ணில் படும் என்பது கணக்கு. நகை கூடவே கூடாது. மோதிரம், கயிறு, ஹேர்பின், எதுவும் கூடாது. வாசலில் காவல்காரர் ஒரு தடியை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஓட்டுவார். உலோகம் இருந்தால் தடி கீச்சென்று கத்தும். பதினான்கு வருடம் தோடு போடாமல் அவளுடைய காது மடல் ஓட்டைகள் இரண்டும் தூர்ந்தே போயின.

ஒரு முறை புதிதாக வந்த பெண் ஒருத்தி, பொட்டுத் தோட்டோடு உள்ளே வந்துவிட்டாள். தடி ஏமாந்தது, கழுகு ஏமாறவில்லை. நேரே போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் அழுதுகொண்டு வந்து, "ஒரு தடவை மன்னிச்சு விட்டிருக்கலாம்லக்கா," என்றாள்.

"அது கழண்டு விழுந்து ஒரு குழந்தை தொண்டையில மாட்டினா, அந்தக் குழந்தை மன்னிக்குமா?" என்று கேட்டாள் கழுகக்கா. சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவ்வளவுதான்.

இனி அவளுடைய தலைவலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தலைவலி வரும், போகும். இவளுக்கு வந்தால் குடித்தனமே வைக்கும். முதலில் வெளிச்சத்தின் ஓரங்கள் நெளியும். பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியை வைத்து, அவசரமே இல்லாமல், அடித்து இறக்குவார்கள். வாந்தி. இரண்டு நாள் இருட்டறை. மகள் பிறந்த வருடம் தொடங்கியது அது. மகளுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது, அழகு நிலையத்தில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். தலைவலி மட்டும் வீட்டைவிட்டு நகர்கிற வழியாக இல்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. கண்ணாடி போட்டாள். கடைவாய்ப் பல் பிடுங்கினாள். காபியை விட்டாள், பிறகு காபிதான் மருந்து என்று ஒருவர் சொல்ல, குடம் குடமாகக் குடித்தாள். தலையணையோடு படுத்தாள், தலையணை இல்லாமல் படுத்தாள். கடைசியாகப் பார்த்த டாக்டர், "மனசை அமைதியா வெச்சுக்கங்கம்மா," என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். இதைச் சொல்ல ஒருவர் எத்தனை வருடம் படித்திருக்க வேண்டும்! படுக்கையறை ஜன்னலுக்குப் புருஷன் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டிக் கொடுத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அவன். முப்பது குழந்தைகளின் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவன், வீட்டுக்குள் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடக்கப் பழகியிருந்தான். நல்ல மனிதன். நல்ல மனிதர்களால் தலைவலிக்கு ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வேலைதான் ஆட்டம் கண்டது. சொல்லாமல் லீவு எடுத்ததாக மூன்று கடிதம் வந்துவிட்டது. மூன்றாவதில், இன்னொரு முறை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க நேரிடும் என்று எழுதியிருந்தது. கடிதம் வந்த வாரமே பட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது வெளிச்சம் நெளிந்தது. லீவு கேட்கப் பயந்துகொண்டு பல்லைக் கடித்து நின்றாள். நின்றவள் குப்பை டப்பாவில் வாந்தி எடுத்தாள். பட்டை பதினொரு நிமிடம் நின்றது.

சூப்பர்வைசர் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன். வெளியே கூட்டிப்போய், "அக்கா, இனிமே என்னால மூடி மறைக்க முடியாது. ஏதாவது பண்ணுங்க," என்றான்.

"என்ன பண்ணச் சொல்ற? தலையக் கழட்டி வெச்சுட்டு வரவா?"

"முடிஞ்சா அதையும் பண்ணுங்க," என்றான் அவன். அவன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. எங்க கடைக்கு வர்ற ஒரு அக்காவுக்கு உன்ன மாதிரியேதான் இருந்துச்சாம். காதுக்குள்ள ஒரு மடிப்பு இருக்குல்ல, ஓட்டைக்கு மேல, அங்க குத்தி வளையம் போட்டிருக்காங்க. போட்டதுலேர்ந்து வரலையாம்."

"காது மடல்ல போட்டதையே கம்பெனி தூர்த்துடுச்சு. இப்ப காதுக்குள்ளயா?"

"வெளிய தெரியாதும்மா. தொப்பி மூடிடும்."

"போடி அங்கிட்டு. வேற வேலை இல்ல," என்று அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆனால் விரல் மட்டும் போர்வைக்குள் காதைத் தேடி, அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தது.

அடுத்த விடுமுறை நாளில் போனாள். சாவி செய்கிற கடைக்கு மேல் மாடி. ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வளையங்களும் ஆணிகளும் வரிசையாக இருந்தன. தொப்புளில் குத்திக்கொள்ள வந்து உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண், இவளைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்து, "யாருக்குத் துணையா வந்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"எனக்கு நானேதான் துணை," என்றாள் இவள். அந்தப் பெண் அதற்குப் பிறகு போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குத்துகிறவனுக்கு இரண்டு கையிலும் தோலே தெரியாமல் பச்சை. புருவம், உதடு, மூக்கு என்று முகத்தில் ஆணி அடிக்காத இடம் பாக்கியில்லை. பேச்சு மட்டும் வாத்தியார் மாதிரி நிதானம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் டாக்டர் இல்லக்கா. தலைவலி போகும்னு சொல்ல மாட்டேன். சில பேர் போச்சுன்னு சொல்றாங்க, சில பேர் சும்மா இருக்காங்க. குத்தினா வலிக்கும், ஆற மாசக்கணக்காகும். இது மட்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்," என்றான்.

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான். அதனாலேயே அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவன் ஒரு டைட்டானியம் வளையத்தை எடுத்தான். "புதுப் புண்ணுக்கு இதான் நல்லது."

"உலோகம் வேண்டாம் தம்பி."

"ஏங்க்கா?"

"எங்க வாசல்ல தடி வெச்சுத் தடவுவாங்க. கத்திடும். உலோகமே இல்லாம இருக்கா?"

பிளாஸ்டிக் வளையம் இருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த மணி வெறும் அழுத்தத்துலதான் நிக்கும்க்கா. கழண்டாலும் கழண்டுடும். தினம் தொட்டுப் பார்க்கணும்," என்றான். மூன்று மில்லிமீட்டர் மணி, வளையத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டுவது. ஒரு டப்பாவில் நீலம் இருந்தது, சிவப்பு இருந்தது, தோல் நிறத்தில் ஒன்று இருந்தது.

நீலத்தில் ஒரு நொடி அவள் கை நின்றது. பதினான்கு வருடப் பழக்கம். பிறகு, யாராவது தொப்பியை விலக்கிப் பார்த்தால் நீலம் பளிச்சென்று தெரியுமே என்று நினைத்து, தோல் நிறத்தை எடுத்துக் கொடுத்தாள். தடிக்குத் தெரியாததையும் கண்ணுக்குத் தெரியாததையும் தேடித் தேடி எடுத்தாள். மெஷினுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தானே. இடது காதில், தலைவலி ஆணி இறங்குகிற பக்கத்தில், குத்திக்கொண்டாள். குருத்தெலும்பில் ஊசி இறங்கியபோது கரும்பைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் தலைக்குள்ளேயே கேட்டது.

முதல் வாரம் காது வலித்தது. அது ஒரு வலியா? சிங்கத்தோடு குடித்தனம் நடத்தியவளைப் பூனை பிறாண்டியது மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் போயிற்று. மூன்றாவது வாரம், வழக்கமாக வருகிற நாளில், அவள் காலையிலிருந்தே வெளிச்சத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் அசையாமல் நின்றன. சாயங்காலமும் நின்றன. அன்று அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். புருஷன் ஓடி வந்து, "ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டான்.

"ஆரம்பிக்கலைங்க. அதான் அழறேன்."

நான்காவது வாரம் அவளே ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னல் அட்டையைப் பிய்த்தாள். வெயில் நேராகக் கட்டிலில் வந்து விழுந்தது. புருஷன் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்குச் சுவத்துக்குள்ளயா இத்தனை வருஷம் படுத்திருந்தோம்? அட்டையே இருந்திருக்கலாம் போலிருக்கே," என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகளிடம், "நீ ஏன்டி எப்பவும் குசுகுசுன்னு பேசுற? சத்தமாப் பேசு," என்றாள். மகளுக்குச் சத்தமாகப் பேசவே வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பழகிய குரல் அது. இனிமேல் பழகிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள்.

வாசலில் தடி ஒரு நாளும் கத்தவில்லை. காலையில் குளியலறைக் கண்ணாடியில் மணியைத் தொட்டுப் பார்ப்பாள். பத்து மணி இடைவேளையில் கழிப்பறையில் தொப்பியைக் கழற்றி மறுபடியும் பார்ப்பாள். அந்தப் பெண்ணின் பொட்டுத் தோடு சில சமயம் ஞாபகத்துக்கு வரும். 'என்னோடது விழாது' என்று நினைத்துக்கொள்வாள். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முப்பத்தாறாவது நாள் பத்து மணி இடைவேளையில் தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் வளையம் இருக்கிறது, மணி இல்லை.

தொப்பியை உதறினாள். மூலை மூலையாகத் திருப்பிப் பார்த்தாள். சட்டைக் காலர், உள்சட்டை, தரை, கழுவு தொட்டி எல்லாம் தேடினாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது மணிச் சோதனைக்குப் பிறகு காது நமைத்தது. கையுறை போட்ட சுண்டு விரலைத் தொப்பி ஓரத்தில் நுழைத்துச் சொறிந்தாள், ஒரு முறை இல்லை, இரண்டு முறை. தலையைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும் என்பது சட்டம். அவள்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பாள். அன்று மாற்றவில்லை. அதே கையைக் கொண்டுபோய்ப் பட்டை மேல் நீட்டினாள்.

வீட்டிலேயே விழுந்திருக்கக் கூடாதா? காலையில் தொட்டுப் பார்த்தோமா என்று யோசித்தாள். புருஷன் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. கண்ணாடி ஞாபகம் இருந்தது. கை காதுக்குப் போனதா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு, கை கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு பட்டைக்குத் திரும்பினாள். சொன்னால் வேலை போகும். காதைக் காட்டச் சொல்வார்கள், வளையமும் போகும். வளையம் போனால் ஜன்னல், வெயில், மகளின் குரல் எல்லாம் போகும். அவள் பத்து மணிச் சோதனையைச் செய்தாள். இரும்புக்கு மெஷின் அலறியது. பித்தளைக்கு அலறியது. எஃகுக்கு அலறியது. கையெழுத்துப் போட்டாள். பட்டையில் பிஸ்கட் ஓடியது, எல்லாம் அவள் காது நிறத்தில். பதினொரு மணிக்கும் மூன்று முறை அலறியது, அதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்றரைக்குப் பின்வாசலில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து பத்து மணி வரைக்கும் போட்ட பெட்டிகள் அதில்தான் ஏறியிருக்கும். அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தெருமுனையில் மறைகிற வரைக்கும் அவள் கை பிஸ்கட் பொறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கையே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். அவள் தொப்பியை விலக்கிக் காதைக் காட்டினாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தனை மணிக்குக்கா?"

"ஒம்பதுக்கு மேல, பத்துக்குள்ள."

"இப்ப மணி என்ன தெரியுமா?"

"தெரியும்."

மேனேஜர் அறையில் அவளை உட்காரச் சொன்னார்கள். பதினான்கு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. மேனேஜர் பதிவேட்டை வரவழைத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஏழு மணி ஓகே. எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு. எல்லாம் ஓகே. இந்தக் கையெழுத்து யாரோடதும்மா?"

"என்னோடதுதான் சார்."

"மெஷின் ஓகேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மெஷின் ஒண்ணையும் பிடிக்கல. அப்புறம் என்ன?"

"அது பிளாஸ்டிக் சார். மெஷினுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் நான் பிளாஸ்டிக்கே போட்டேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "பட்டையில விழுந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல."

"பஸ்ல விழுந்திருக்கலாம். வீட்ல விழுந்திருக்கலாம். இல்லையா?"

"விழுந்திருக்கலாம் சார். ஆனா லாரியத் திருப்பிக் கூப்பிட்டு அந்த ஒரு மணி நேரத்துப் பெட்டிய மட்டும் பிரிச்சுப் பார்த்துட்டா..."

"கூப்பிட்டா எதுக்குன்னு எழுதணும். எழுதினா நாளைக்கு இந்தக் கதவு திறக்குமான்னு எனக்குத் தெரியாது. இங்க நூத்தம்பது பேர் சோறு திங்கிறாங்க." குரலை இறக்கிக்கொண்டு, "நீங்க நல்ல வேலைக்காரி. உங்க மேல களங்கம் வர விட மாட்டேன்," என்றார்.

எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. அவள் கோப்பில் டாக்டர் சீட்டுகள் கத்தையாக இருந்தன. அதைப் பார்த்துச் சூப்பர்வைசரே கடிதத்தை எழுதினான். தீராத தலைவலியின் காரணமாக வேலையைத் தொடர இயலவில்லை என்று எழுதினான். முப்பத்தாறு நாளாகத் தலை வலிக்காதவள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் போட்ட மூன்றாவது பொய்க் கையெழுத்து அது. "உடம்பைப் பார்த்துக்கங்கம்மா," என்றார் மேனேஜர். வெளியே போகும்போது காவல்காரர் வழக்கம் போலத் தடியை ஓட்டினார். தடி கத்தவில்லை.

வீட்டில் புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினான். குளியலறைச் சாக்கடை வலையைக் கழற்றிப் பார்த்தான். மகள் தலையணை உறைகளைப் புரட்டினாள். "வழியிலதான்மா எங்கயாவது விழுந்திருக்கும்," என்றாள். அம்மாவுக்கும் அப்படி நம்ப ஆசைதான். நம்பிக்கை கொடுக்க வீட்டில் ஒரு மூலைகூட மணியை வைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெளிச்சம் நெளிந்தது. வளையம் காதில்தான் இருந்தது. அவள் அதை இன்னும் கழற்றவில்லை. ஆனாலும் ஆணி பழைய இடத்தைத் தேடி வந்து, விட்ட இடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. மகள் ஓடிப்போய் அந்தக் குத்துகிறவனைக் கேட்டாள். "போகும்னு நான் சொல்லவே இல்லையேம்மா," என்றானாம். சொல்லவில்லைதான். அவன் வார்த்தையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. புருஷன் அட்டையைத் தேடி எடுத்து மறுபடி ஜன்னலில் ஒட்டினான். இந்த முறை அவன் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வளையத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அந்த ஓட்டையும் மற்ற இரண்டைப் போலத் தூர்ந்து போக அதிக நாள் ஆகவில்லை.

எழுந்து நடக்க முடிந்த முதல் நாள் அவள் கடைக்குப் போனாள். பாக்கெட்டின் அடியில் தேதி, பட்டை எண், நேரம் மூன்றும் அச்சாகியிருக்கும். அந்தத் தேதி, அந்தப் பட்டை, ஒன்பதிலிருந்து பத்துக்குள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பாக்கெட் போயிருக்கும். பார்க்கிற கடையிலெல்லாம் அலமாரி முன்னால் உட்கார்ந்து பாக்கெட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். கிடைத்ததை வாங்கி வந்து, கட்டிலில் வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொன்றாகக் கொட்டி உதறிப் பார்த்தாள். அட்டை ஒட்டிய அறையில் வெளிச்சம் போதாது, கண்ணும் கூசும், அதனால் விரலால் தடவினாள். பாக்கெட்டில் போட்டிருந்த புகார் எண்ணுக்கு ஒரு முறை போன் செய்தாள். ஒரு பெண் குரல், காத்திருக்கச் சொல்லி, பார்த்துவிட்டு வந்து, "அந்த நேரத்துச் சோதனை எல்லாம் சரியா இருக்குங்க மேடம். ஆய்வாளர் கையெழுத்தும் இருக்கு," என்றது.

"அந்தக் கையெழுத்தை நம்பாதீங்க," என்றாள். மறுமுனையில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் அறுபத்து மூன்று பாக்கெட் பிரித்திருந்தாள். வீட்டில் மூவரும் பாலில் அந்தப் பிஸ்கட்டைத் தின்று சலித்துப் போனார்கள். "விடும்மா. இதுக்குள்ள எதுவும் ஆகியிருந்தா பேப்பர்ல வந்திருக்கும்," என்றாள் மகள். எது ஆனாலும் இந்தப் பிஸ்கட்டால் ஆனது என்று யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் கேட்டாள்.

அறுபத்து நான்காவது பாக்கெட்டை அவள் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு கடையில் பார்த்தாள். அலமாரியில் இல்லை, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கல்லாவில் நின்ற ஒரு பெண்ணின் கையில். அடிப்பக்கம் இவளைப் பார்த்திருந்தது. தேதி சரி, பட்டை சரி. ஒன்பது நாற்பத்திரண்டு. குழந்தைக்கு வாய் நிறைய எச்சில், கீழே இரண்டு பல்.

"அம்மா, அந்தப் பாக்கெட்டை எனக்குத் தர்றீங்களா? வேற வாங்கித் தரேன்," என்றாள் இவள்.

அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு நாள் தூங்காத கண், வாராத தலை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை. "எதுக்கு?"

"அதுல ஒண்ணு விழுந்திருக்கலாம். என்னோடது. சின்ன மணி."

"எந்தப் பாக்கெட்டுல?"

"அது தெரியல. பிரிச்சுப் பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

அந்தப் பெண் கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர், "நீங்க போங்கம்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இவள் குறுக்கே வந்து நின்றார். இவள் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே நடுமத்தியான வெயில். வெளிச்சம் எல்லாப் பக்கமும் நெளிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தோளுக்கு மேலே குழந்தையின் முகம் மட்டும் இவளைப் பார்த்துக்கொண்டே போனது. ஆணி கடைசி வரைக்கும் இறங்கியது.

"பிரிச்சுப் பார்த்துட்டுக் குடுங்க! கொட்டிப் பார்த்துட்டுக் குடுங்க!" என்று கத்தினாள். அந்தப் பெண் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது தெருவில் யாரும் இல்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மகள் ஈரத்துணியை நெற்றியில் வைத்து, "என்னம்மா ஆச்சு?" என்று வழக்கமான குசுகுசுக் குரலில் கேட்டாள்.

"ஒரு பாக்கெட் கை தவறிப் போச்சுடி," என்றாள். "ஒம்பது நாப்பத்திரண்டு."